புது வாக்கி-டாக்கி வந்த பிறகு மலைமுகட்டுக்குக் கீழே பேச்சு எட்டவில்லை. ஸ்கீ மலையில் வேலை பார்ப்பவர்கள் யாராவது உண்டா?

பனிக்கரடி · ஜனவரி 11, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். ஒன்டாரியோவில் ஒரு சின்ன ஸ்கீ மலையில் லிஃப்ட் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். இது நாலாவது குளிர்காலம். ரேடியோவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம், அவ்வளவுதான். இங்கே ஹாம் ஆட்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ இயக்குபவர்கள், இருப்பதால் கேட்கிறேன்.

மலை என்று பேருக்குச் சொல்கிறோமே தவிர, நயாகரா எஸ்கார்ப்மென்ட்டின் ஒரு ஓரம்தான். மேலே மேசை மாதிரி தட்டை. ஓரத்தில் சட்டென்று இறக்கம், மொத்தம் 200 மீட்டர் இருக்கும். முதல் பகுதி நெட்டுக்குத்து, கீழே போகப் போகச் சாய்வு குறைந்து தட்டையாகிவிடும்.

போன வருஷம் வரை பழைய வி.எச்.எஃப். (அதிர்வெண் குறைந்த) அனலாக் செட்டுகள், அவற்றில் முகட்டுக்குக் கீழேயும் பேச்சு போனது. இந்த இலையுதிர் காலத்தில் 40 செட்டையும் மாற்றிவிட்டு யு.எச்.எஃப். (அதிர்வெண் கூடிய) டிஜிட்டல் வாங்கினார்கள், டி.எம்.ஆர். என்று சொல்கிறார்கள். ஒரே ரிப்பீட்டரில் (நம் பேச்சை வாங்கி எல்லா செட்டுக்கும் திருப்பி அனுப்பும் பெட்டி) லிஃப்ட் ஆட்கள் ஒரு பக்கமும் ஸ்கீ பேட்ரோல் (அடிபட்டவர்களை மீட்கும் ஆட்கள்) ஒரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம், குரலும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் முகட்டுக்குக் கீழே ஒரு பட்டை இருக்கிறது, 3ஆம் லிஃப்டின் 6ஆம் கோபுரத்திலிருந்து 9 வரை. அங்கே நின்று அழுத்தினால் "டொய்ங்" என்று ஒரு சத்தம் போட்டு மறுத்துவிடுகிறது.

போன சனிக்கிழமை அந்த இடத்தில் ஒருவர் முழங்கால் திருகி விழுந்துவிட்டார். பேட்ரோல்காரர் ஸ்லெட் கேட்டு நாலு தடவை அழுத்தியும் நாலு தடவையும் டொய்ங். கடைசியில் அந்த வழியாகச் சறுக்கிவந்த ஒரு பையனை நிறுத்தி, "கீழே போய்ச் சொல்லு" என்று அனுப்பியிருக்கிறார். மைனஸ் 17 குளிரில் அடிபட்டவர் கால் மணி நேரம் பனியில் கிடந்தார். விற்ற கடைக்காரரைக் கேட்டால் "இரண்டாவது ரிப்பீட்டர் வாங்குங்கள்" என்கிறார். விலையைக் கேட்டு எங்கள் மேலாளர் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

உண்மையிலேயே இன்னொன்று வாங்கித்தான் ஆக வேண்டுமா?

சால்டரிங் · ஜனவரி 11, இரவு 11.05

தம்பி, டொரன்டோவில் முப்பது வருஷம் டூ-வே ரேடியோ பட்டறையில் கையைச் சுட்டுக்கொண்டவன் சொல்கிறேன், உடனே பணத்தை எடுத்து வைக்காதீர்கள். முதலில் நாலு விஷயம் சொல்லுங்கள். ரிப்பீட்டர் ஆன்டெனா எங்கே நிற்கிறது, மலை ஓரத்திலிருந்து எத்தனை மீட்டர் உள்ளே? கம்பம் எவ்வளவு உயரம்? அந்தப் பட்டையில் நிற்கும்போது கீழேயிருந்து பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா? செட்டை உடம்பில் எங்கே மாட்டுகிறீர்கள்?

கடைசிக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை.

அலைவரிசை · ஜனவரி 12, காலை 6.40

சென்னையிலிருந்து ஒரு ஹாம். வி.எச்.எஃப்.பை விட்டதுதான் தப்பு. வி.எச்.எஃப்.பின் 150 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2 மீட்டர், யு.எச்.எஃப்.பின் 450இல் முக்கால் மீட்டர்கூட இல்லை. நீளமான அலை மேடு பள்ளத்தில் வளைந்து இறங்கும், குட்டை அலை முகட்டோடு நின்றுவிடும். மலைக்கு வி.எச்.எஃப்., கட்டடத்துக்கு யு.எச்.எஃப். இதை எந்தப் பழைய ஹாமைக் கேட்டாலும் தூக்கத்திலேயே சொல்வார். பழைய செட்டுக்கே திரும்பிப் போங்கள்.

உங்கள் பிரச்சினைக்கு நம் ஊரில் ஏற்கெனவே பெயர் உண்டு: விளக்கடியில் இருட்டு.

பனிக்கரடி · ஜனவரி 12, காலை 7.15

@சால்டரிங் சார், ஷிஃப்டுக்கு முன்னால் போய் அளந்துவிட்டு வந்தேன். மேல் லிஃப்ட் குடிலுக்குப் பின்னால் 6 மீட்டர் கம்பம், உச்சியில் என் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் குச்சி ஆன்டெனா. முகட்டு ஓரத்திலிருந்து 60 மீட்டர் உள்ளே. அங்கேதான் மின்சாரமும் பெட்டி வைக்க அறையும் இருந்தன, அதனால் அங்கே வைத்தார்களாம். அந்தப் பட்டையில் நிற்கும்போது கீழே பேசுவது பெரும்பாலும் கேட்கிறது. நாங்கள் பேசுவதுதான் போகவில்லை. மாட்டுவது இடுப்பு பெல்ட்டில். பழைய செட்டுக்கு மார்புப் பட்டை இருந்தது, புதுசுக்கு அது பொருந்தவில்லை. பெட்டியோடு வந்த கிளிப்பை அப்படியே பெல்ட்டில் மாட்டிக்கொண்டோம்.

@அலைவரிசை அண்ணா, திரும்பிப் போக முடியாது. இரவுச் சறுக்கலுக்கு எல்.இ.டி. விளக்கு போட்ட நாளிலிருந்து வி.எச்.எஃப்.பில் மாலை ஆனாலே "ஸ்ஸ்ஸ்" என்று இரைச்சல். மாற்றியதற்கே அதுதான் காரணம்.

சால்டரிங் · ஜனவரி 12, மதியம் 12.30

இப்போது படம் தெளிவாகிறது. ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

60 மீட்டர் உள்ளே 6 மீட்டர் உயரம் என்றால் பத்துக்கு ஒன்று. ஆன்டெனாவிலிருந்து மலை ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போகும் கோடு, ஓரத்தைத் தாண்டிய பிறகும் அதே பத்துக்கு ஒன்று கணக்கில்தான் இறங்கும். அந்த நெட்டுக்குத்துப் பகுதி 30 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொள்வோம். ஓரத்திலிருந்து கிடைமட்டமாக 100 மீட்டர் தள்ளி நிற்கும் உங்கள் பேட்ரோல்காரர் 58 மீட்டர் இறங்கியிருப்பார். கோடு இறங்கியது 10 மீட்டர்தான். அவர் தலைக்கு மேல் கிட்டத்தட்ட 48 மீட்டரில் சிக்னல் பறந்து போகிறது. அவரை எட்ட வேண்டுமென்றால் அலை முகட்டில் 24 டிகிரி மடங்கி இறங்க வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடிவார விடுதிக்கு அதே அலை ஆறு டிகிரி வளைந்தால் போதும். அதனால்தான் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கிறது, பக்கத்தில் இருப்பவருக்கு எட்டவில்லை.

அலைவரிசை சொன்னது பாதி சரி. இப்படி ஆழமான நிழலில் அதிர்வெண் மூன்று மடங்கானால் கிடைக்கும் சக்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். ஆனால் கையடக்க வி.எச்.எஃப். செட்டின் குட்டை ரப்பர் ஆன்டெனா படு சோம்பேறி, யு.எச்.எஃப்.பில் அதே நீளம் ஒழுங்காக வேலை செய்யும். இரண்டையும் கழித்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக வராது. பழைய செட்டில் பேச்சு போனது என்கிறீர்களே, அது இரைச்சலோடு, கரகரப்போடு, பாதி ஊகத்தோடு போயிருக்கும். அனலாக் தேய்ந்து தேய்ந்து சாகும், காது பழகிவிடும். டிஜிட்டல் கடைசி அடி வரை கண்ணாடியாக இருந்துவிட்டு விளிம்பிலிருந்து குதித்துவிடும்.

அந்த டொய்ங் சத்தத்தைத் திட்டாதீர்கள். "ரிப்பீட்டர் என்னைக் கேட்கவில்லை" என்று செட் உங்களிடம் நேர்மையாகச் சொல்கிறது. பழைய அனலாக்கில் நீங்கள் பேசி முடித்து, பதில் வராமல், மறுபடி பேசி, பிறகுதான் தெரியும்.

இப்போது இடுப்பு. ரிப்பீட்டரிடம் 40 வாட் இருக்கும், உங்கள் கையில் 4 வாட். அதனால் அது பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது அதற்குக் கேட்காது. அந்த 4 வாட்டையும் இடுப்பில் வைத்தால் உடம்பு பாதிக்கு மேல் குடித்துவிடும். நாமெல்லாம் உப்புத் தண்ணீர் நிரம்பிய பைதானே. நாளைக்கு அதே இடத்தில் நின்று, செட்டைத் தலைக்கு மேல் தூக்கி, ஆன்டெனாவை நேராக வைத்து அழுத்திப் பாருங்கள். பைசா செலவில்லாத சோதனை.

அலைவரிசை · ஜனவரி 12, மாலை 7.50

என்னுடைய "பாதி சரி"யை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த உயரமான குச்சி ஆன்டெனாவை விட்டுவிட்டீர்களே. கெயின் (ஒரு பக்கமாகக் குவிக்கும் திறன்) அதிகமான ஆன்டெனா அலையைத் தட்டையாகப் பிழிந்து அடிவானத்துக்கு அனுப்பும், அடிவாரத்துக்கு மிச்சம் வைக்காது. அதுவும் ஒரு குற்றவாளிதான்.

சால்டரிங் · ஜனவரி 12, இரவு 8.35

உயரமான சிகரத்தில் வைத்துக் கீழே பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. இங்கே இல்லை. அந்த மாதிரிக் குச்சிக்குக் கிடைமட்டத்திலிருந்து மேலும் கீழும் சுமார் 8 டிகிரி வரை வீச்சு இருக்கும். முகட்டு ஓரம் 6 டிகிரி கீழேதான் இருக்கிறது. குச்சியை மன்னித்து விட்டுவிடலாம்.

ஆல்ப்ஸ்தம்பி · ஜனவரி 13, இரவு 1.10

வணக்கம் அண்ணாமார். நான் சுவிஸில் கிராவ்புண்டன் மலைப்பக்கம். முதலில் மேல் உணவகத்தில் கோப்பை கழுவினேன், இப்ப ஒன்பது வருசமாகக் குளிர்காலத்தில் லிஃப்ட் வேலை.

எங்கட மலையிலயும் முந்தி இதே பிரச்சினை இருந்ததாம். ஆன்டெனாவை உச்சியில் வைக்கவேணும் எண்டு ஆர் சொன்னது? இப்ப எங்களுக்கு ஒண்டு கீழே, சரிவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கு. சுவரில் படம் தொங்குது எண்டால் சுவருக்கு மேல ஏறி நிண்டு பார்ப்பியளோ, எதிரே நிண்டு பார்ப்பியளோ? அடிவார விடுதிக் கூரையில் வைச்சால் முழுச் சரிவும் அதுக்கு முகம் காட்டிக்கொண்டு நிக்கும்.

இன்னொண்டும் சொல்லவேணும். ரேடியோவில் எங்களுக்கு வந்த பெரிய வில்லங்கம் சிக்னலால இல்லை, பெருவிரலால. என்னோட ஒரு யாழ்ப்பாணத்துப் பொடியன் வேலை செய்தவன். இரண்டு பேரும் தமிழில்தான் கதைப்பம். ஒருநாள் விடியப்பறம் பனி சமப்படுத்திற வண்டியில் நான் இருக்கிறன், அவன் பின்னால நிண்டு கம்பி வலை கழட்டுறான். செட்டில் அவன்ர குரல்: "அண்ணை, வண்டியை எடுக்க…" அவ்வளவுதான். எனக்கு என்னவோ மனம் கேக்கேல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால் அவன் சங்கிலிப் பட்டைக்குப் பின்னால ஒரு முழத்தில் குந்தியிருக்கிறான். அவன் சொன்னது "எடுக்க வேண்டாம்." "வேண்டாம்" சொல்லுறதுக்குள்ள விரலை எடுத்திட்டான்.

இங்கிலீசுக்காரருக்குத் தலை போகும், எங்களுக்கு வால் போகும். அவை "டோன்ட் ஸ்டார்ட்" எண்டு சொல்லேக்க அழுத்தின உடனே கதைச்சால் "டோன்ட்" விழுந்திடும், "ஸ்டார்ட்" மட்டும் போகும். எங்கட மறுப்பு கடைசியில் வருது, விரலை முந்தி எடுத்தால் அது போயிடும். அண்டைக்குப் பிறகு நாங்கள் மறுப்பில் ஒண்டும் சொல்லுறதில்லை. "நில், நில், நில்." அவ்வளவுதான்.

வெண்பனி · ஜனவரி 13, காலை 9.25

ஆல்ப்ஸ்தம்பி, படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்துவிட்டது.

நான் கொலராடோவில் ஒரு ஸ்கீ ரிசார்ட்டில் டிஸ்பாட்ச் அறையில், அதாவது ரேடியோ அழைப்புகளைக் கேட்டு ஆட்களை அனுப்பும் இடத்தில், உட்கார்கிறேன். எனக்கு மலை தெரியாது, ஜன்னலே கிடையாது. காதில் விழுவதுதான் என் மலை. அங்கிருந்து பார்த்தால் முதல் எழுத்து விழுங்கப்படுவது தினமும் நடக்கிறது. டிஜிட்டல் செட்டில் அழுத்தினதும் "பீப்" என்று அனுமதி வரும், அதற்கு அப்புறம்தான் வாயைத் திறக்க வேண்டும். புது ஆட்களுக்கு நான் சொல்வது: அழுத்து, ஒரு மூச்சு விடு, பேசு, ஒரு மூச்சு விடு, விரலை எடு.

இன்னொரு விஷயம், இடத்தை முதலில் சொல்லச் சொல்லுங்கள். பதற்றத்தில் எல்லாரும் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்வார்கள். "ஒரு அம்மா விழுந்துட்டாங்க, ஹெல்மெட் இருக்கு, பேசறாங்க, ஆனா கை…" அதற்குள் சிக்னல் போய்விடும். எனக்குத் தெரிந்ததெல்லாம் உலகத்தில் எங்கோ ஒரு அம்மா விழுந்திருக்கிறார் என்பதுதான். "3ஆம் லிஃப்ட், 7ஆம் கோபுரத்துக்குக் கீழே, ஸ்லெட் வேண்டும்" என்பதோடு அறுந்துபோனாலும் நான் ஸ்லெட்டை அனுப்பிவிடுவேன். மிச்சத்தை அது போய்ச் சேரும்போது கேட்டுக்கொள்ளலாம்.

அடிபட்டவர் பெயரைக் காற்றில் சொல்லவே கூடாது. ஸ்கேனர் கருவி வைத்து நம் பேச்சை ஒட்டுக்கேட்பவர்கள் உண்டு. லிஃப்ட் வரிசையில் உங்கள் செட்டுக்குப் பக்கத்தில் அவர் பிள்ளையே நிற்கலாம்.

மலைக்காவல் · ஜனவரி 13, காலை 11.40

பிரிட்டிஷ் கொலம்பியாவில் பேட்ரோல். மார்பில் மாட்டு, மார்பில் மாட்டு என்று எல்லாரும் அடித்துச் சொல்வதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. பனிச்சரிவு வரும் மலைகளில் நாங்கள் சட்டைக்கு மேல் டிரான்ஸ்ஸீவர் கட்டியிருப்போம். புதைந்தால் தேடிக் கண்டுபிடிக்கும் கருவி, 457 கிலோஹெர்ட்ஸ். பக்கத்தில் ரேடியோ, போன், சூடாக்கும் கையுறை எது இருந்தாலும் அது குழம்பிப்போகும். அது அனுப்பும் நிலையில் இருக்கும்போது மற்ற மின்கருவிகள் 20 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும், தேடும் நிலையில் 50 செ.மீ. தேடும்போது ரேடியோவை மார்பில் வைத்துக்கொண்டு டிரான்ஸ்ஸீவரை அதன் முன்னால் பிடித்தால் இல்லாத ஆளைத் தேடிப் போவீர்கள். நாங்கள் டிரான்ஸ்ஸீவரை ஒரு பக்கம் தாழ்வாகவும் ரேடியோவை எதிர்த் தோள் பக்கம் உயரவும் கட்டுகிறோம். தேடும்போது கையை முழுக்க நீட்டித்தான் பிடிப்போம்.

எஸ்கார்ப்மென்ட் மலையில் பனிச்சரிவு அபூர்வம், பனிக்கரடிக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் இந்த இழையைப் படிக்கும் வேறு யாராவது கண்ணை மூடிக்கொண்டு மார்பில் மாட்டிவிடக் கூடாதே.

@வெண்பனி, உங்கள் இடத்தில் எண் குறியீடா, நேர்ப்பேச்சா? எங்கள் பழைய ஆட்கள் இன்னும் "டென்-ஃபிஃப்டி" என்றுதான் விபத்தைச் சொல்கிறார்கள்.

வெண்பனி · ஜனவரி 13, பிற்பகல் 2.05

நேர்ப்பேச்சு. எண்ணுக்கு நான் எதிரி. அமெரிக்காவில் நிறைய மலைகளில் 10-50 என்றால் விபத்துதான், ஆனால் மற்ற எண்களுக்கு மலைக்கு மலை அர்த்தம் மாறும். இங்கே பாதிப் பேர் ஒரே ஒரு குளிர்காலம் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்கள். எண்ணைப் பாடம் பண்ணி முடிக்கும்போது பனி உருகியிருக்கும்.

மலைக்காவல் · ஜனவரி 13, பிற்பகல் 2.30

அதில் எனக்கு உடன்பாடு இல்லை. லிஃப்ட் நாற்காலியில் எட்டு வயசுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஸ்பீக்கரில் "தலையில் ரத்தம், மூச்சு இல்லை" என்று வந்தால்? இரண்டே இரண்டு குறியீடு வைத்துக்கொள்ளலாம், மிக மோசமான நிலைமைக்கு மட்டும்.

வெண்பனி · ஜனவரி 13, பிற்பகல் 2.41

இரண்டு என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு இன்னும் சுலபமான வழி காதில் மாட்டும் இயர்பீஸ்தான்.

பனிக்கரடி · ஜனவரி 14, இரவு 9.00

சால்டரிங் சார், இன்று காலை 8ஆம் கோபுரத்தின் கீழே நின்று பார்த்தேன். இடுப்பில் வைத்து அழுத்தினால் டொய்ங். தலைக்கு மேல் தூக்கி அழுத்தினால் பீப், பேச்சு போயிற்று. பத்து தடவை மாற்றி மாற்றிச் செய்தேன். இடுப்பில் இரண்டு தடவைதான் போயிற்று, தலைக்கு மேல் ஒன்பது. லிஃப்டில் மேலே போய்க்கொண்டிருந்தவர்கள் நான் சரணடைகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மேலாளரிடம் காட்டினேன். மார்புப் பட்டை 40க்கும் சொல்லியாகிவிட்டது. ஆன்டெனாவை விடுதிக் கூரைக்கு மாற்றலாமா என்று கேட்டதற்கு "யோசிப்போம்" என்றார். அந்த "யோசிப்போம்" எத்தனை வாரம் என்று தெரியவில்லை.

ஆல்ப்ஸ்தம்பி சொன்னதைக் காலைக் கூட்டத்தில் சொன்னேன். எங்கள் மெக்கானிக் ஒருவர், கிழவர், தலையை ஆட்டிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "கோபுரத்தில் ஏறும்போது பூட்டுப் போட்டுச் சாவியை என் பையில் வைத்துக்கொள்கிறேன். ரேடியோ என்ன சொன்னாலும் லிஃப்ட் ஓடாது."

இன்னொரு சந்தேகம். பனி கொட்டும் நாளில் ரேடியோ இன்னும் மோசமாகிறது. பனி சிக்னலைக் குடிக்கிறதா?

சால்டரிங் · ஜனவரி 14, இரவு 10.15

உங்கள் மெக்கானிக்குக்கு என் வணக்கம்.

பனி குடிக்காது. இந்த அதிர்வெண்ணில் விழும் உலர்ந்த பனி அலைக்கு இல்லாத மாதிரிதான். மோசமாவது வேறு காரணங்களால். ரிப்பீட்டர் ஆன்டெனாவில் ஈரமான பனிக்கட்டி அப்பிக்கொண்டால் அதன் ஒத்திசைவு மாறிவிடும், அது உண்மை. மற்றபடி காற்று மைக்கில் அடிக்கும். தலைமூடி காதை மூடும். வாயாவி மைக்கின் துளைகளில் போய் உறைந்து மெல்லிய கண்ணாடி மாதிரி மூடிவிடும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்துக் குறுக்கே பேசச் சொல்லுங்கள்.

அப்புறம் பேட்டரி. மைனஸ் 17இல் லித்தியம் பேட்டரி மரத்துப்போகும். பட்டனை அழுத்தும்போதுதான் அது நிறைய மின்சாரம் கேட்கும், அந்த நொடியில் வோல்ட் விழுந்து செட் அணையும். செத்துவிட்டது என்று நினைத்து அக்குளில் கால் மணி நேரம் வைத்தால் மறுபடி பாதி காட்டும். மாற்று பேட்டரி வைத்திருந்தால் உள் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

லிஃப்ட் குடிலில் சார்ஜர் வைத்திருக்கிறீர்களா? இருந்தால், அந்தக் குடிலில் இரவு ஹீட்டர் உண்டா?

பனிக்கரடி · ஜனவரி 14, இரவு 10.22

சார்ஜர் உண்டு. ஹீட்டரை இரவு அணைத்துவிடுவோம்.

சால்டரிங் · ஜனவரி 14, இரவு 10.31

நாளைக்கே கழற்றிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், திரும்பச் சரியாகாது. நல்ல சார்ஜர் தானே மறுத்துவிடும், மலிவானது மறுக்காது. வெளியிலிருந்து கொண்டுவந்தவுடன் மாட்டவும் வேண்டாம். ஈரம் பூத்திருக்கும், ஒரு மணி நேரம் கிடந்து சூடாகட்டும்.

இன்னொன்று இப்போதே செய்யலாம், செலவில்லை. செட்டின் சேனல் திருகியில் கடைசி இடத்தில், 16 இருக்கும் பெரும்பாலும், ரிப்பீட்டர் இல்லாமல் செட்டுக்குச் செட் நேராகப் பேசும் சேனல் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். உங்கள் உரிமத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கையுறையோடு, பார்க்காமலே, முட்டும் வரை திருகினால் அது. அந்தச் சனிக்கிழமை 8ஆம் கோபுரத்தில் நின்ற பேட்ரோல்காரர் அப்படித் திருகியிருந்தால் அடிவார லிஃப்ட் குடிலுக்கு நேராகக் கேட்டிருக்கும். கண்ணுக்கு எதிரேதானே அது இருக்கிறது. அந்தக் குடிலில் ஒரு செட் எப்போதும் அதே சேனலில் விழித்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆல்ப்ஸ்தம்பி · ஜனவரி 15, இரவு 12.20

சால்டரிங் அண்ணை சொல்லுற மாதிரித்தான் இஞ்ச மலைகளுக்கு எண்டு ஒரு அவசர சேனல் இருக்கு, 161.300 மெகாஹெர்ட்ஸ். மலையில் ஆபத்து எண்டால் அதில் கூப்பிட்டு ரேகா எண்ட ஹெலிகொப்டர் மீட்புக்காரரைப் பிடிக்கலாம். போன் எடுபடுற இடத்தில் 1414. எங்கட செட்டிலயும் அது கடைசித் திருகில்தான் இருக்கு.

வெண்பனி · ஜனவரி 15, காலை 8.50

திருகி என்றதும் நினைவு வந்தது. மார்புப் பட்டை வருகிறதென்றால் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள்: பட்டன் அழுந்தியபடியே மாட்டிக்கொள்ளும் செட். எங்கள் மலையில் ஒருவர் லிஃப்ட் நாற்காலியில் உட்கார்ந்து பாதுகாப்புக் கம்பியை இழுத்துவிட்டார். கம்பி மைக் பட்டனை அழுத்திக்கொண்டது. ஏழு நிமிஷம் அவர் தனக்குத் தானே பாடிய பாட்டை முழு மலையும் கேட்டது. சுருதி அப்படியொன்றும் மோசமில்லை. ஆனால் அந்த ஏழு நிமிஷம் வேறு யாரும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஓடிப்போய்ச் சொல்ல ஸ்னோமொபைலில் ஆள் அனுப்பினோம், அவர் இறங்கும் இடத்தில் காத்திருந்து கையைத் தட்டிவிட்டார்கள். இப்போது 60 நொடிக்கு மேல் அழுத்தினால் செட் தானே துண்டித்துக்கொள்ளும். அந்த டைமர் உங்கள் செட்டிலும் இருக்கும், போட்டுத் தரச் சொல்லுங்கள்.

அலைவரிசை · ஜனவரி 15, காலை 10.10

என்ன பாட்டு என்று கேட்கலாமா?

வெண்பனி · ஜனவரி 15, காலை 10.14

கூடாது. அவர் இன்னும் இங்கேதான் வேலை பார்க்கிறார்.

பனிக்கரடி · பிப்ரவரி 8, இரவு 8.45

மூன்றரை வாரமாகிவிட்டது, மன்னிக்கவும். நல்ல பனி, வார இறுதியில் கூட்டம்.

மார்புப் பட்டை ஜனவரி கடைசியில் வந்தது. அதிலேயே முகட்டுக்குக் கீழே இருந்த பிரச்சினையில் பாதி போய்விட்டது. 16ஆம் சேனலும் 60 நொடி டைமரும் போட்டாயிற்று. கூரைக்கு மாற்ற மேலாளர் சம்மதித்தார், ஆனால் உடனே முடியவில்லை. ரிப்பீட்டர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் உரிமத்தில் இருக்கிறதாம், மாற்றுவதற்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. போன திங்கள் விடுதிக் கூரையில் ஏற்றினார்கள். செலவு, கடைக்காரர் சொன்ன இரண்டாவது ரிப்பீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

செவ்வாய் காலை முகட்டிலிருந்து அடிவாரம் வரை ஒவ்வொரு கோபுரத்தின் கீழும் நின்று பேசினேன். எல்லா இடத்திலும் பீப். இடுப்பில் வைத்தும் பார்த்தேன், அதுவும் போகிறது. புதன்கிழமை அதே 7ஆம் கோபுரத்தில் ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டில் அடி. பேட்ரோல்காரர் இடத்தை முதலில் சொன்னார், ஸ்லெட் ஆறு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது.

இப்போது புதுத் தலைவலி. மேலே தட்டையில், ஓரத்திலிருந்து 300 மீட்டர் உள்ளே, பனி சமப்படுத்தும் வண்டிகளை நிறுத்தும் கொட்டகை இருக்கிறது. முன்பு ஆன்டெனா பக்கத்திலேயே இருந்ததால் அவர்களுக்குப் பிரமாதமாகக் கேட்டது. இப்போது அவர்கள் "எங்களை மட்டும் கைவிட்டுவிட்டீர்கள்" என்கிறார்கள். அலைவரிசை அண்ணா சொன்ன விளக்கடி இருட்டு அப்படியே எழுந்து நடந்து மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

சால்டரிங் · பிப்ரவரி 8, இரவு 9.30

இருட்டு எங்கேயாவது உட்காரத்தான் செய்யும். கேட்காத இடம் கொட்டகைக்கு உள்ளேயா, வெளியேயுமா?

பனிக்கரடி · பிப்ரவரி 8, இரவு 9.36

வெளியே வாசலில் நின்றால் ஓரளவு போகிறது. உள்ளே சுத்தமாக இல்லை.

சால்டரிங் · பிப்ரவரி 8, இரவு 9.38

கொட்டகை எதில் கட்டினது?

பனிக்கரடி · பிப்ரவரி 8, இரவு 9.39

தகரம். கூரையும் தகரம். கதவும் தகரம்.

சால்டரிங் · பிப்ரவரி 8, இரவு 9.52

கூரைக்கு வெளியே ஒரு சின்ன ஆன்டெனா, உள்ளே மேசையில் வைக்கும் செட் ஒன்று, நடுவில் பத்து மீட்டர் கேபிள். நாளைக்கு அளவெடுத்துப் போடுங்கள், பார்ப்போம். கேபிள் நுழைய ஓட்டை போடுவதற்கு முன்னால் அந்த மெக்கானிக் கிழவரைக் கேளுங்கள், எந்தப் பக்கத்திலிருந்து பனி சறுக்கி விழும் என்று அவருக்குத்தான் தெரியும்.